ஓரெழுத்துக் குறைஞ்ச பாய்

இன்னும் பொங்கல. பத்தரைக்குப் பொங்கும்னு மியூசியம் வாசல்ல போர்டு இருக்கு, எழுதினது நான்தான், பானைக்கு என்ன வாசிக்கவா தெரியும். ஓலை ஈரம். மார்கழிப் பனி விடிய விடிய ஓலை மேலதான் இறங்கியிருக்கு, தார்ப்பாய் போட்டு மூடுங்கன்னு சொன்னேன், ஒருத்தரும் மூடல, இப்ப புகை பூரா எங்கண்ணுல. பனை ஓலை காஞ்சிருந்தா சடசடன்னு பிடிச்சு பாலைத் தூக்கி விட்டுரும். இது அழுதுக்கிட்டுக் கிடக்கு. குனிஞ்சு ஊதுதேன், சாம்பல் மூக்குக்குள்ள போகுது, இடுப்பு பிடிக்குது. சுத்திக் கட்டின கயித்துக்கு அந்தப் பக்கம் நூத்திச் சொச்சம் பேரு செல்லைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்காங்க, பாவம் அவங்களுக்கும் கை வலிக்கும்லா. கண்ணாடி போட்ட ஒரு அம்மா, எப்பங்க பொங்கும்னு நாலாவது தடவையாக் கேட்டாச்சு. இந்தா ஆச்சும்மான்னு நானும் நாலாவது தடவையாச் சொல்லியாச்சு. அவங்களுக்குப் பொங்கணும். எனக்குப் பொங்காம இருந்தாத் தேவல. பொங்கிட்டா பங்ஷன் முடிஞ்சிரும், பங்ஷன் முடிஞ்சா மேடம் ரூமுக்குப் போகணும். இடுப்புல ரெண்டு காகிதம் சொருகியிருக்கேன். ஒண்ணு வெள்ளைத்தாளு, ஒண்ணு ஒரு பாயில கட்டியிருந்த பேருச் சீட்டு. குனியும்போதெல்லாம் வெள்ளைத்தாளோட மடிப்பு வயித்துல குத்துது.

நேத்து போகி. நேத்துக் காலையில இதே முத்தத்துல போட்ட தீயில எரியக்கூடாத பாய் ஒண்ணு எரிஞ்சுபோச்சு. சொரிமுத்து அண்ணாச்சி இந்த மியூசியத்துக்குக் குடுத்த பாய், அவரு கல்யாணப் பாய். அண்ணாச்சி இன்னைக்கு வருவாரு. ஒவ்வொரு பொங்கலன்னைக்கும் அந்தப் பாயைப் பாக்கத்தான் பஸ் பிடிச்சு வருவாரு. அவரு வாரதுக்குள்ள என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியணும். தெரியல. நேத்துலேருந்து இந்த ஒண்ணையேதான் செக்குமாடு கணக்காச் சுத்திச் சுத்தி வாரேன். அசதியா இருக்கு. பதினாலு வருஷமா இங்க பொங்கல் விடுதேன், ஒரு வருஷம்கூட இப்படி முட்டு நோகல. எங்க ஊர்ல சூரியன் கிளம்பும்போதே பானை பொங்கி முடிஞ்சிருக்கும். இங்க சூரியன் டூரிஸ்ட் பஸ்ஸுக்காகப் பத்தரை வரைக்கும் காத்துக் கிடக்கணும். சித்திரை விசுக்குக் கனி வைக்கேன், ஆடியில முளைப்பாரி தூக்குதேன், கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துதேன், எல்லாம் ட்யூட்டி நேரத்துல. நாட்டுப்புற மக்கள் எப்படி நல்லநாள் கொண்டாடுனாங்கன்னு காட்டதுக்காக, ஒரு நாட்டுப்புறத்து மனுஷி பதினாலு வருஷமாத் தன் வீட்டுல ஒரு நல்லநாளும் கொண்டாடல. எங்க வீட்டுக்காரரு காலையில குக்கர்ல அரிசியும் வெல்லமும் போட்டு மூணு விசில் விடுவாரு. உலகு, நம்ம வீட்டுல குலவை போட்டாச்சுன்னு போன்ல சொல்லிச் சிரிப்பாரு. இன்னைக்கும் சொன்னாரு. நான் சிரிக்கல. என்னட்டி உடம்புக்குன்னு கேட்டாரு, புகைன்னேன்.

முதல்ல எங்க பக்கத்துல போகிக்குத் தீ போடுத பழக்கமே கிடையாது. வெள்ளையடிப்போம், அடுக்குப்பானையை இறக்கித் தேய்ப்போம், அத்தோட சரி. மியூசியத்தை நடத்துத மேடத்துக்கு மெட்ராஸ். போகின்னா விசிட்டருங்க தீயை எதிர்பாப்பாங்க உலகம்மான்னாங்க. எங்க தெருவுல பாயை எரிக்கது ஒண்ணே ஒண்ணுக்குத்தான் மேடம், ஆளு போய்ச் சேந்தாத்தான், படுத்த பாயையும் கூடவே அனுப்பிருவோம், மத்தபடி பாயில தீ வைக்க மாட்டோம்னு நான் அன்னைக்கே சொன்னேன். இன்ட்ரஸ்டிங்னு சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டாங்க. எழுதிக்கிட்டு, பாய் வாங்க ஆளனுப்பினாங்க. இங்க இருக்க பழசு பூராவும் நம்பர் போட்ட பழசு, எரிக்க முடியாது. அதனால புதுப்பாய். புதுப்பாய் எரிஞ்சா வீடியோவுல பொய்யாத் தெரியுதாம். ஆக, கார்த்திகை மாசமே பத்துக் கோரைப்பாய் வாங்கி முத்தத்துல விரிச்சு, மழையில நனைய விட்டு, வெயில்ல முறுக விட்டு, போறவ வாறவ எல்லாரும் மிதிச்சு அதைப் பழசாக்கணும். அது என் வேலை. உள்ள இருக்க பழசுக்குத் தூசி தட்டி, பூச்சிக்கு மருந்து வச்சு, கெடாமப் பாத்துக்கிடணும். அதுவும் என் வேலை. உள்ள இருக்கது கெடக்கூடாது, வெளிய இருக்கது கெடணும், ரெண்டுக்கும் ஒரே கை. என்னைக்காவது ஒரு நாள் மாறிப்போகும்னு எந்த மடைச்சிக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியல.

பால்ல ஒரு ஓரமா ஆடை கட்டுது. மாரிக்கனி எதுக்க நிக்கா, குலவை போடதுக்கு. பெருக்கித் துடைக்கத்தான் அவளைக் காண்ட்ராக்ட்ல எடுத்தது, ஆனா குலவைக்கு அவளை விட்டா ஆளில்ல, நாக்கு அப்படிச் சுழலும். மியூசியத்துச் சுங்கடிச் சேலையைக் கட்டிக்கிட்டு, கொண்டையில பூ வச்சுக்கிட்டு, பானையையே பாத்துக்கிட்டு நிக்கா. என்னைப் பாத்தா லேசாச் சிரிக்கா. ஏன் சிரிக்கா. தெரியாம சிரிக்காளா, தெரிஞ்சு சிரிக்காளா. தெரியாது. அவளுக்கு வாசிக்கத் தெரியாதே, அந்தப் பாயில பேரு இருந்ததே அவளுக்கு ஒரு பூவேலை மாதிரிதான் இருந்திருக்கும். நேத்து விடியக்காலம் அவகிட்ட நான் சொன்னது, வராந்தாவுல சுருட்டி வச்சிருக்க பாயைக் கொண்டாட்டி. அவ போயிட்டுத் திரும்பி வந்து கேட்டா, எல்லாமா யக்கா. எல்லாந்தான், எத்தனை தடவை சொல்லணும்னு எரிஞ்சு விழுந்தேன். ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். எல்லாமா யக்கா. ஏன் அப்படிக் கேட்டா. எண்ணிப் பாத்திருக்கா. பத்துப் பாய் வாங்கினோம், அங்க பதினொண்ணு நிக்குதேன்னு அவளுக்குத் தோணியிருக்கு. வாசிக்கத் தெரியாதவ எண்ணிப் பாத்திருக்கா, பத்தாப்பு பாஸ் பண்ணின நான் எண்ணல. எல்லாமா யக்கா. காதுக்குள்ள கொசு கணக்கா.

பதினொண்ணாவது பாய் அங்க எப்படிப் போச்சு. முந்தாநாள் கறையான் மருந்து அடிச்சோம். உள்ள இருந்த பாயையெல்லாம் வராந்தாவுக்கு எடுத்து, மருந்தடிச்சு, காய வச்சு, திரும்ப உள்ள கொண்டுபோயாச்சு, இந்த ஒண்ணைத் தவிர. இதோட சீட்டுல எழுத்து மங்கிக் கிடந்துது. என் எழுத்துதான், ஆறு வருஷத்துக்கு முன்னால எழுதினது. புதுசா எழுதிக் கட்டுவோம்னு நூலை அவுத்துச் சீட்டைக் கையில எடுத்தேன். அந்நேரம் போன். மகன், திருப்பூர்லேருந்து. இந்த வருஷமும் வரமுடியாதும்மா, லீவு குடுக்கல, அவளுக்கும் உடம்பு சரியில்ல. மூணாவது பொங்கல். சரிய்யா, உடம்பைப் பாத்துக்கிடுங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்லியிருக்கணும்ங்கது அவன் போனை வச்சப்புறம்தான் நினைப்புக்கு வந்துது. சீட்டை இடுப்புல சொருகினேன். பாயைச் சுருட்டினேன். உள்ள கொண்டுபோகணும்னு மனசுல இருக்கு, கை என்னவோ பக்கத்துல இருந்த பாய்களோட பாயா அதைச் சுவர்ல சாத்திட்டுப் போயிட்டுது. சாத்தினதுகூட ஞாபகமில்ல. பக்கத்துல இருந்தது பூராவும் நான் மிதிச்சுப் பழசாக்கின போகிப் பாய். அம்புட்டுதான் நடந்தது. இதை எழுதினா நாலு வரி. நாலு வரியைச் சொல்ல ஒரு நாளா.

அடி ஓலை ஒண்ணு பிடிச்சிட்டு. சூடு முகத்துல அடிக்குது, கூட்டம் ஒரு எட்டு முன்னால வருது. ரெண்டு ஓலையைத் தள்ளி வைக்கேன். கம்பு. இதே கம்புதான் நேத்தும். சொல்லிருவோம், எனக்கு நானே சொல்லிக்கிடதுல என்ன வந்துது. காலேஜ் பிள்ளைங்க எண்பது பேரு செல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்க, நான் தீக்குச்சி கிழிச்சு வச்சேன். பாயெல்லாம் சுருட்டினபடி குவிஞ்சு கிடந்துது. சூடு ஏற ஏறச் சுருட்டு ஒவ்வொண்ணா விரிஞ்சுது. ஒண்ணு விரியும்போது ஓரம் செவப்பா இருந்துது. செவப்பு ஓரம் போகிப் பாய்ல கிடையாது. பெறவு எழுத்து, பாயில நெய்ஞ்சிருந்த அண்ணாச்சி பொண்டாட்டி பேரு. ஆவு-ன்னு தெரிஞ்சுது, டை தெரிஞ்சுது. அப்ப ஒரு முழம் கூடக் கருகல. அண்ணாச்சி பேரு இருந்த பாதி அப்படியே இருந்துது, கம்பு எங்கையில இருந்துது, இழுத்திருக்கலாம். இழுத்தா எல்லாரும் என்னன்னு கேப்பாங்க, மேடம் அங்கதான் நிக்காங்க, எண்பது செல்லுலயும் விழும். அதெல்லாம் நான் யோசிச்சனான்னு கேட்டா, யோசிக்கல. கை பாட்டுக்குக் கம்பை வச்சு அதை உள்ள தள்ளிட்டுது. நல்லா நடுவுக்கு. பேரு ஒருத்தர் கண்ணுலயும் படாதபடிக்கு. சாத்தி வச்சதுக்குப் போனைக் காரணம் சொல்லலாம், மகனைச் சொல்லலாம், வயசைச் சொல்லலாம். தள்ளினதுக்கு யாரைச் சொல்ல. நேத்துச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கொல்லையில உக்காந்து சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளிச்சேன். புகை வாடை போகல. திரும்பவும் ஒருதரம் குளிச்சேன். ரெண்டு தடவையா, கிறுக்கு பிடிச்சிட்டான்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. விடிஞ்சும் அதே வாடைதான். இப்பக்கூட இந்த ஓலைப் புகையைத் தாண்டி முடியில அது தனியாத் தெரியுது, கோரை வாடை.

அண்ணாச்சி அதைக் கொண்டுவந்த அன்னைக்கு நான்தான் வாங்கினேன். கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. பஸ்ஸுல கம்பியைப் பிடிக்காம நிக்க மாதிரியே காலை அகட்டி வச்சு நின்னாரு. அவரு பொண்டாட்டி ஆவுடையம்மாள் தவறி இருவது நாள் ஆகியிருந்துது. பத்தமடையில சொல்லி நெய்ஞ்ச பாய், ரெண்டு பேரு பேரும் போட்டு, கல்யாணத் தேதியும் போட்டு. நெய்ஞ்சவரு அகலம் பத்தாம ஒரு எழுத்தை விட்டுட்டாரு, ஆவுடைம்மாள்னு இருக்கும். அந்த ய-வைச் சொல்லிச் சொல்லியே அவரு பொண்டாட்டியைக் கேலி பண்ணியிருக்காரு, நாப்பத்தி மூணு வருஷம். ஒரு எழுத்துக் குறைஞ்சவளுக்கு இம்புட்டு வாயான்னு. அதை என்கிட்டச் சொல்லும்போதும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. செத்த அன்னைக்குப் பாயையும் கூட அனுப்புங்கன்னு சொந்தக்காரங்க கேட்டிருக்காங்க. அவ பாயிலயா செத்தா, ஆஸ்பத்திரிக் கட்டில்லலா செத்தா, அந்தக் கட்டிலைக் கொண்டுபோய் எரிங்கன்னு சண்டை போட்டு, பரண்ல ஒளிச்சு வச்சிட்டாரு. பெறவு வீட்டுல வச்சுக்கிடவும் முடியல. விரிக்கவும் பயம், தூரப் போடவும் பயம். நீங்க பாத்துக்கிடுவியளான்னு கேட்டாரு. பாத்துக்கிடுவோம் அண்ணாச்சின்னேன். சீட்டுல பேரை எப்படி எழுதன்னு கேட்டேன், பாயில இருக்கபடியே எழுதுன்னாரு. அதுலேருந்து வருஷா வருஷம். உள்ள போவாரு, மரச்சட்டத்துல தொங்குத அந்தப் பாய்க்கு முன்னால பத்து நிமிஷம் நிப்பாரு, கையெடுத்துக் கும்பிட மாட்டாரு, தொட மாட்டாரு, சும்மா நிப்பாரு. பெறவு ரைட்டுன்னு சொல்லிட்டு வெளிய வந்திருவாரு. அந்த ரைட்டை யாருகிட்டச் சொல்லுதாருன்னு நான் கேட்டதில்ல.

இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு மேடம் கண்டுபிடிச்சிட்டாங்க. அந்தப் பேரு போட்ட பாய் எங்க உலகம்மான்னாங்க. தெரியலையே மேடம்னு வாய் சொல்லிட்டுது. கை தள்ளின மாதிரியேதான் வாயும். மேடம் கோவப்படல, அவங்க கோவப்பட மாட்டாங்க, யோசிச்சாங்க. நேத்துப் பாய் தூக்கினது மாரிக்கனிதானே. ஆமா மேடம். அப்ப தெரியாமக் கொண்டுபோயிருப்பா. அவகிட்டக் கேட்டு நீங்களே எழுதி ஒரு கைரேகை வாங்கிருங்க, பங்ஷன் முடிஞ்சதும் குடுங்க, மேல அனுப்பணும். சொல்லி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எங்கையில குடுத்தாங்க. மேல அனுப்பினா மாரிக்கனிக்கு மாசி மாசத்தோட காண்ட்ராக்ட் முடிஞ்சிரும், திரும்பப் போட மாட்டாங்க. எனக்கு வேலை போகாது. நான் பெர்மனென்ட். திட்டு விழும், ரிட்டயர்மென்ட்ல ஏதாவது பிடிப்பாங்க, பதினாலு வருஷமா உலகம்மா கையில குடுத்தா கவலையில்லன்னு சொன்ன வாய் இனிமேச் சொல்லாது. அம்புட்டுதான். அந்த அம்புட்டுக்குப் பயந்துதான் இப்ப நான் இப்படிக் குனிஞ்சு கிடக்கேன், ஓலை ஈரத்துக்கு இல்ல. மாரிக்கனியைக் கூப்பிட்டு, பெறவு ஒரு தாள்ல ரேகை வைக்கணும்ட்டின்னு மட்டும் சொன்னேன். எதுக்குன்னு கேக்கல. சரிக்கா, எங்கன வைக்கணும்னு மட்டும் நீ காட்டுன்னா. நான் என்ன எழுதினாலும் அவ அதுக்கு அடியில வைப்பா. கேட்டிருக்கலாம்லா அவ. எதுக்குன்னு ஒரு வார்த்தை.

பால் விளிம்புக்கு ஒரு விரக்கடை கீழ நிக்குது. நுரை கூடுது, அமருது, கூடுது. நூத்திச் சொச்சம் செல்லும் ஒரே நேரத்துல உசருது. அப்பந்தான் வாசல் கேட்டுப் பக்கம் பாக்கேன், வெள்ளை வேட்டி, காலை அகட்டி வச்ச நடை. அண்ணாச்சி. போன வருஷத்துக்கு மெலிஞ்சிருக்காரு, சட்டை தோள்லேருந்து தொங்குது. கூட்டத்துப் பக்கம் திரும்பல. எப்பவும் அவரு பானையைப் பாக்க வாரதில்லையே. நேரா உள்ள போறாரு. வராந்தா ஏறதுக்குக் கையை முட்டுல ஊணுதாரு. நான் இங்கனயே இருந்தா என்ன. பானை பொங்கும், குலவை கேக்கும், கூட்டம் நெருக்கும், அரை மணி நேரம் ஓடிரும். அதுக்குள்ள மேடமே அவரைப் பாத்துப் பக்குவமாச் சொல்லிருவாங்க, ஒரு பெருக்குத பொண்ணு தெரியாம எடுத்துட்டுப் போயிட்டா, மன்னிச்சிருங்கன்னு. அவரும் ரைட்டுன்னு போயிருவாரு. எனக்கு வலிக்காம முடிஞ்சிரும். இடுப்பை நிமித்துனேன். நிமித்தும்போது அந்த மடிப்பு திரும்பவும் குத்துச்சு. ஏட்டி மாரி, பானையைப் பாத்துக்கோ, இந்தா வாரேன்னு கம்பை அவகிட்டக் குடுத்தேன். இப்பயா யக்கா, இந்தா பொங்கப்போகுதேன்னா. பொங்கட்டும். கயித்தைக் குனிஞ்சு தாண்டி நடந்தேன். முதுகுக்குப் பின்னால கண்ணாடிக்கார அம்மா என்னவோ கேட்டாங்க.

உள்ள இருட்டா இருந்துது, வெயில்லேருந்து போனதால. மரச்சட்டத்துக்கு முன்னால அவரு வழக்கமா நிக்க இடத்துலயே நின்னாரு. சட்டத்துல பாய் இல்ல. சுவரு தெரிஞ்சுது, பாய் தொங்கின அளவுக்கு மட்டும் சுண்ணாம்பு வெள்ளையா இருந்துது. என்னைப் பாத்ததும் லேசாச் சிரிச்சாரு.

"பாயை எங்க உலகு? வெயில்ல போட்டிருக்கியளா?"

"எரிஞ்சுபோச்சு அண்ணாச்சி. நேத்துப் போகித் தீயில."

சிரிப்பு அவரு முகத்துல அப்படியே கொஞ்ச நேரம் நின்னுது, அதை எடுக்க மறந்துட்ட மாதிரி. பெறவு சட்டத்து மேல கையை வச்சாரு. ஆறு வருஷத்துல அவரு அதைத் தொட்டது இப்பத்தான். முழுசுமான்னு கேட்டாரு, முழுசுந்தான்னேன். எப்படின்னு கேப்பாருன்னு நினைச்சேன், எப்படிங்கதுக்கு எங்கிட்டப் பதில் இருந்துது, கறையான் மருந்து, போன், வராந்தா எல்லாம் வரிசையா இருந்துது. அவரு அதைக் கேக்கல.

"யாரு தீ வச்சது?"

வெளிய கூட்டம் ஓன்னு சத்தம் போட்டுது. மாரிக்கனி பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துது, வராமலா இருக்கும், நான் ஒண்ணும் உத்தமி இல்ல. அவரு கேட்ட கேள்வி சுடுகாட்டுல கேக்க கேள்வி. அதுக்கு ஒருத்தர் பேரைத்தான் சொல்ல முடியும், தப்பாச் சொல்ல முடியாது.

"நான்தான். குச்சி கிழிச்சதும் நான்தான். அது விரியும்போது மதினி பேரு தெரிஞ்சுது அண்ணாச்சி. வெளிய இழுக்காம உள்ள தள்ளினதும் நான்தான்."

அவரு என் முகத்தையே பாத்தாரு. திட்டப்போறாரு, திட்டட்டும்னு நின்னேன். வெளியேருந்து குலவைச் சத்தம் வந்துது, மாரிக்கனி குலவை, எடுத்தா நிறுத்தாம நீளமாப் போகுமே அது. அது முடிஞ்சப்புறம் கேட்டாரு.

"தலைக்குக் குளிச்சியா?"

"குளிச்சேன் அண்ணாச்சி."

"நேத்தேவா?"

"நேத்தேதான். ரெண்டு தடவை."

தலையை ஆட்டுனாரு. அதுவும் கொள்ளி வச்சவங்களைக் கேக்கதுதான். புகை வாடைக்குத்தான் குளிச்சேன்னுதான் அந்த நிமிஷம் வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இடுப்புலேருந்து சீட்டை எடுத்து நீட்டுனேன். வாங்கி, டிக்கெட்டைப் பாக்க மாதிரி முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்து, சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. பெறவு அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால அவரு எப்பவும் நிக்க பத்து நிமிஷத்தையும் நின்னாரு. போயிருவோமா இருப்போமான்னு தெரியாம நானும் பின்னால நின்னேன், எழவு வீட்டுல நிக்க மாதிரி. கண்ணுல தண்ணி வந்துது, துடைக்கல. கடைசியில திரும்பினாரு. எப்பவும் பாயைப் பாத்துச் சொல்லுத மனுஷன் இந்தத் தடவை என்னைப் பாத்துச் சொன்னாரு.

"ரைட்டு."

முட்டுல கையை ஊணி வராந்தாப் படி இறங்கிப் போனாரு. நான் வெள்ளைத்தாளை எடுத்து மரச்சட்டத்து மேல வச்சு எழுதினேன். நாலு வரி வரல, அஞ்சு வரி வந்துது, தள்ளினதுக்கு ஒரு வரி கூட. எழுதி முடிக்கும்போது மாரிக்கனி வந்து நிக்கா, கையெல்லாம் பாலு, சேலையில கரி. நீ பாட்டுக்குப் போயிட்ட யக்கா, பொங்கிட்டு, எந்தப் பக்கம் வழிஞ்சுதுன்னு மேடம் கேக்காங்க, அந்தப் புகையில எனக்கு ஒண்ணும் தெரியலன்னா. தெரியலன்னே சொல்லுன்னேன். அவ தாளைப் பாத்தா. பாலுக் கையைச் சேலையில துடைச்சிட்டு, பெருவிரலை மட்டும் தனியா நீட்டுனா.

"எங்கன வைக்கணும்?"

"வேண்டாம்ட்டி. இதுக்கு எங்கையெழுத்துதான்."